அடைக்கலமும் அளவும்

பதி, பசு, பாசம் என்னும் முப்பொருள்களுள் உயிரைப் பசுவென்னும் பெயரால் வழங்குதல் நம் சித்தாந்த மரபு. பாசத்தாற் கட்டுண்டமைபற்றி வந்தது அப்பெயர். கட்டுத்தறியில் நிற்கும் ஆவிற்கும் அதுவே பெயர். இங்ஙனம் கட்டுண்ட ஒரு பசு, கட்டுண்ட பிற பசுக்களைத் தனித்து நின்று காக்கப் புகின், அக்காவலுக்கு எல்லை உண்டோ இன்றோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

இவ்வினாவை எம்பால் எழுப்பியவர் எம் நண்பரொருவர். வயது 66, மனைவியை இழந்தவர், சிவபூசை தவறாதவர். டிராக்டர் வந்தபின் உழவர்க்கு வேண்டாதனவாகிவிட்ட காளைக்கன்றுகளையும், பால் வற்றிய பசுக்களையும், அவை அடிமாடாக விலைபோகாவண்ணம் ஒவ்வொன்றாகத் தம் தொழுவத்திற் சேர்த்து வந்தார். உதவ முன்வந்தோரையும், 'மாடுகளின் குணம் உமக்குத் தெரியாது' என்று திருப்பிவிட்டார். சென்ற ஐப்பசி மழையில் ஓரிரவு கிழப்பசுவொன்று வீழ்ந்து எழமாட்டாதாயிற்று. வீழ்ந்த மாட்டைச் சில மணிக்கொருமுறை புரட்டிக் கிடத்தல் வேண்டும். இல்லையேல் தன் உடற்பாரத்தாலேயே கீழ்ப்பக்கத்துத் தசையும் நரம்பும் கெடும். தனியொருவராக அவர் அதனைப் புரட்ட இயலவில்லை. விடிந்தபின் அயலார் வந்து புரட்டினர். எனினும் மூன்றாம் நாள் அஃது இறந்தது. அதனைப் புதைத்த அன்றே ஒருவர் காளைக்கன்றொன்றைக் கொணர்ந்து வாயிலில் நின்று, "ஐயா, நீங்கள் கொள்ளாவிடில் இது சந்தைக்குத்தான் போகும்" என்றார். நண்பர் அதனையும் ஏற்றார். அதனொடு தொழுவத்தில் 17 உருப்படிகளாயின. பின்னர் எம்மிடம் வந்து, "அடைக்கலமென்று வந்ததை மறுத்தல் பாவமன்றோ, ஐயா?" என்று கேட்டார்.

முதற்கண் அப்பணியின் பாரத்தை அளந்தறிதல் வேண்டும். 300 கிலோ நிறையுள்ள ஆவொன்றிற்கு, ஈரம் நீக்கிக் கணக்கிடின், நாளொன்றுக்கு 7 முதல் 8 கிலோ தீவனம் வேண்டும். தண்ணீர் 30 முதல் 40 லிட்டர். கோடையில் இன்னும் மிகும். 17 உருப்படிகட்கு ஏறத்தாழ 600 லிட்டர் நீர் நாடோறும் காட்டல் வேண்டும். புதிதாக வந்ததை இரண்டு மூன்று வாரம் வேறிடத்துக் கட்டிப் பார்த்தல் வேண்டும். கோமாரி நோய் ஒன்றனுக்கு வரின் எல்லாவற்றையும் பற்றும். இன்னும், ஆவானது 15 முதல் 20 ஆண்டு வரை வாழவல்லது. 66 வயதினர் இன்று ஏற்ற கன்று அவருக்குப் பின்னும் இருக்கக்கூடும்.

அற்றேல், சேய்ஞலூரில் ஆயன் பசுவை அடிக்கக் கண்ட விசாரசருமர் அந்நிரை முழுவதையும் தாமொருவராகவே மேய்க்கப் புகுந்தாரல்லரோ எனின், புகுந்தார், உண்மையே. ஆயினும் அவர் ஏற்றது மேய்த்தற்பணி. அந்நிரைக்கு உடையோர் ஊரில் இருந்தனர். அவர்தம் இசைவு பெற்றே அவர் மேய்த்தார். மேய்ப்போர் ஒருவர், தாங்குவோர் ஓர் ஊரார் என்பது அவ்வரலாற்றாற் பெறப்படும்.

திருமூலர் வரலாறு இதனை இன்னும் தெளிவிக்கும். சாத்தனூர் மூலன் தனியே ஆநிரை மேய்த்தபோது உயிர் நீத்தான். பசுக்கள் அவனுடலைச் சூழ்ந்து கதறின. அவ்வழி வந்த சிவயோகியார் அத்துயர் காணப்பொறாது அவனுடலிற் புகுந்து அவற்றின் துயர் தீர்த்தார். மாலையில் அவை தத்தம் மனை சேர்ந்தன. தனிக்காவலன் வீழ்ந்தால் நிரை என்னாம் என்பதற்கு அக்கதறலே சான்று. சிவயோகியார் வந்தது திருவருட்செயல். அதனை எதிர்நோக்கித் தொழுவம் நடத்தல் முறையன்று. சேர்தற்கு மனைகள் இருந்தமையே அந்நிரைக்கு உற்ற பேறு. எம் நண்பர்தம் நிரைக்கு அவர் மனையன்றி வேறு மனையில்லை.

இனிச் சித்தாந்தத்தால் நோக்குவாம். உயிர் சிற்றறிவும் சிறுதொழிலும் உடையது. எல்லா உயிரையும் தாங்கும் ஆற்றல் பசுபதி ஒருவனுக்கே உரியது. அருள் மிக்கோர்க்கு இரக்கம் எல்லையின்றிப் பெருகலாம், கையோ இரண்டே. இரக்கத்தின் அளவைக் கையின் அளவாகக் கருதி 'யானே காப்பேன்' என்னுமிடத்து, அறத்தின் உருவில் ஆணவம் புகுந்துவிடுகின்றது. உதவ வந்தோரைத் திருப்பியதும் அதுவே. இறைபணி நிற்றலாவது 'யான், எனது' என்பன அற நிற்றல். பணி தன்னுடையதன்று எனத் தெளிந்தோர்க்குப் பிறர் கை பகையாகாது.

அங்ஙனமாயின் வாயிலில் நின்ற கன்றின் கதி யாதெனின், இவ்வினாவை யாம் மழுப்புதல் கூடாது. மறுத்தால் அது கொலைக்களம் போதலுங்கூடும். மறுத்தவர்க்கு அத்துயர் நீங்காது, நீங்கவும் வேண்டா. ஆயின் காக்கவியலாமல் ஏற்றலும் ஒருவகைக் கைவிடுதலே. முன்னர் அடைக்கலம் பெற்ற கிழப்பசு புரட்டுவாரின்றிக் கிடந்த அவ்விரவு, பின்னர் வருவனவற்றை அளவின்றி ஏற்றற்குக் கொடுத்த விலையாயிற்று. வேறிடம் தேடித்தந்து மறுத்தலும், வாளா மறுத்தலும் ஒன்றல்ல. பாவம் பின்னதற்கே என்பது எம் துணிபு.

ஆகவே தனிநின்று காப்போர்க்கு மூன்று கடன் உண்டு. தம்மால் இயலும் தொகையை அமைதியான நாளொன்றில் வரையறுத்துக்கொள்ளல். ஒவ்வொரு மாட்டின் நோயும் குணமும் இன்னுமொருவர் அறியச் செய்தல். தமக்குப் பின் அவற்றைப் பேணுவார் இன்னாரென எழுதிவைத்தல். இவற்றின் மேலாய கடன் ஒன்று நம்மனோர்க்கும் உண்டு. பசுமடம் பேணும் திருமடங்கள் எல்லா மாடுகளையும் ஏற்றல் இயலாது. ஆயினும் தம் எல்லையில் இங்ஙனம் தனித்து நிற்பார் யாவரெனக் கேட்டறிதல் இயலும். ஒரு வண்டி வைக்கோலும், வீழ்ந்த மாட்டைத் தூக்க நான்கு ஆட்களும் அனுப்புதல் இயலும். கோபூசை செய்யும் நம் கை தொழுவத்துச் சாணத்திலும் படுதல் நன்று.

எம் விடை கேட்ட நண்பர் நெடுநேரம் வாளாவிருந்தார். மறுவாரம் யாம் சென்றபோது அயல்வீட்டு இளைஞனொருவன் காடிக்கு நீர் சுமந்துகொண்டிருந்தான். நண்பர் தறியருகில் நின்று, அவனுக்கு மாடுகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.