நூறு முறை கண்டால் போதுமா?

நெட்வொர்க் மென்பொருளைத் திரும்பத் திரும்பச் சோதிக்கும் ஷெல் ஸ்கிரிப்ட் முதலில் சர்வரைப் பின்னணியில் தொடங்கி, போர்ட் திறக்கும்வரை காத்திருக்கும். பிறகு கிளையன்டைக் கால வரம்பு வைத்து ஓடவிட்டு, முடியும்போது அது தரும் எண்ணைப் பார்க்கும். 0 என்றால் வெற்றி. வேறு எதுவானாலும் தோல்வி. சர்வரை நிறுத்திவிட்டு அடுத்த சுற்றைத் தொடங்கும். 100 சுற்றிலும் 0 வந்துவிட்டால் மென்பொருள் சரியானது என்று துணியலாமா? அறிவு எப்படி உறுதிப்படுகிறது என்று ஆராயும் அளவை நூல்களுக்கு இது பழைய கேள்வி.

புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பதற்கு மணிமேகலை அடுக்களையைத் திட்டாந்தமாக, அதாவது எடுத்துக்காட்டாக, காட்டுகிறது. எத்தனை அடுக்களைகளைக் கண்டால் அந்தத் தொடர்பு உறுதிப்படும்? நியாய நூலாசிரியர் அன்னம்பட்டர் தம் தர்க்கசங்கிரக தீபிகையில் ஒரு தடையை எழுப்புகிறார்: மண்ணின் கூறான பொருளை இரும்பு கீறும் என்று நூறு முறை கண்ட பிறகும் வைரம் அதைப் பொய்யாக்கிவிடுகிறது. ஆகவே எண்ணிக்கை மட்டும் உறுதி தராது. விலகல் காணப்படாமையும் வேண்டும் என்பது அவர் விடை.

விலகலை எங்கே தேடுவது என்பதற்கு நியாய நூலாரின் உபாதிக் கொள்கை வழிகாட்டுகிறது. நெருப்புள்ள இடமெல்லாம் புகை எழுவதில்லை. ஈர விறகு இருந்தால்தான் எழும். அந்த ஈரமே உபாதி, அதாவது மறைந்து நிற்கும் நிபந்தனை. ஒரே கணினிக்குள் 127.0.0.1 வழியாக நடக்கும் சோதனையிலும் இத்தகைய ஈரம் உண்டு. அங்கே தாமதம் மிகக் குறைவு, பாக்கெட் தொலைவது அரிது, முந்தைய சுற்று விட்டுச்சென்ற கோப்பு அடுத்த சுற்றுக்குத் துணைபுரியலாம். லினக்ஸின் நெட்எம் கருவியைக் கொண்டு 200 மில்லிவினாடித் தாமதமும் 5 சதவீத இழப்பும் சேர்த்து ஓட்டும்போதுதான் விறகு காய்கிறது. நிலைமையை மாற்றாமல் ஓட்டுவதும் வீணன்று. நேரம் முன்பின்னாவதால் எழும் பிழைகள் அப்படித்தான் பிடிபடும். ஆனால் 100க்கு 3 முறை தவறும் மென்பொருள்கூட, சுற்றுகள் ஒன்றையொன்று சாராதபோது, 100 சுற்றையும் தவறாமல் கடக்க ஏறக்குறைய 5 சதவீத வாய்ப்பு இருக்கிறது.

இவற்றையெல்லாம்விடக் கவலை தருவது காட்சியே பிழையாவது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் இதைத் திரிவு என்று விலக்கும். ஓர் ஏரியின் மேல் எழும் பனியைப் புகையென்று கொள்வது அது. கிளையன்டின் வெளியீட்டைப் பைப் வழியாக டீ கட்டளைக்கு அனுப்பினால், ஸ்கிரிப்டுக்குக் கிடைப்பது டீ தரும் 0. கிளையன்டின் தோல்வி மறைந்துபோகும். பாஷில் பைப்ஃபெயில் அமைப்பை இயக்கினால் அது வெளிப்படும். நெருப்பில்லாத இடத்தில் புகையும் இல்லை என்ற எதிர்மறைத் திட்டாந்தத்துக்கும் இங்கே வேலை உண்டு: சர்வரை வேண்டுமென்றே பழுதாக்கி ஒரு சுற்று ஓட்ட வேண்டும். அப்போதும் ஸ்கிரிப்ட் வெற்றி என்று சொன்னால், அதற்கு முன் வந்த 100 வெற்றிகளும் சான்றாகா.