மொத்தத்துல நல்ல மனுஷன்

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் முதல் அலகிலேயே வரும் ஒரு கேள்வி. ஒரு மூடிய பரப்பு இருக்கிறது. கற்பனையான ஒரு பலூன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே எதுவும் இல்லை. வெளியே, பக்கத்திலேயே ஒரு நேர் மின்னூட்டம். பலூன் வழியாகச் செல்லும் மொத்த மின்பாயம் எவ்வளவு? பூஜ்யம். இதுவரை எல்லோரும் சரியாகச் சொல்லிவிடுவார்கள். சரி, பலூனின் தோல்மீது மின்புலம் எவ்வளவு? இங்கேதான் பாதி வகுப்பு விழும். "அதுவும் பூஜ்யம்தானே சார்?"

இல்லை. அந்தத் தோலின் ஒவ்வொரு புள்ளியிலும் புலம் இருக்கிறது. மின்னூட்டத்தைப் பார்த்த பக்கத்தில் நல்ல வலுவாகவே இருக்கிறது. பூஜ்யமாக இருப்பது மொத்தம் மட்டும்தான்.

டியூஷனில் இந்தக் கேள்வியை வருஷாவருஷம் கேட்கிறேன், வருஷாவருஷம் இதே பதில் வருகிறது. பிள்ளைகளுக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. மொத்தம் என்ற சொல்மேல் நம் எல்லோருக்கும் இருக்கும் நம்பிக்கை அப்படி. மொத்தம் பூஜ்யம் என்றால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று மனசு தானாக முடிவு கட்டிவிடுகிறது. இந்தப் பழக்கம் இயற்பியல் புத்தகத்தோடு நின்றுபோகிற ஒன்றில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பாயம் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். அந்தச் சொல்லே கொஞ்சம் ஏமாற்றும். ஏதோ பாய்வதுபோல ஒலிக்கிறது, ஆனால் நிலைமின்னியலில் எதுவும் பாய்வதில்லை. காற்றே இல்லாத மழையில் மொட்டை மாடியில் ஒரு தாம்பாளத்தைப் பிடியுங்கள். மட்டமாகப் பிடித்தால் நிறைய மழை விழும். சாய்த்தால் குறையும். செங்குத்தாக நிறுத்திவிட்டால் அதன் முகத்தில் ஒரு துளிகூட விழாது. மழை எவ்வளவு கனம், தாம்பாளம் எவ்வளவு பெரியது, எவ்வளவு சாய்த்திருக்கிறீர்கள். மழைக்குப் பதிலாக மின்புலத்தை வைத்தால் இந்த மூன்றின் பெருக்கல்தான் மின்பாயம். மூடிய பரப்பு என்றால் அதைச் சின்னச் சின்னத் தாம்பாளங்களாகப் பிரித்து, வெளியே போவதை நேர் என்றும் உள்ளே வருவதை எதிர் என்றும் வைத்துக் கூட்ட வேண்டும்.

இப்போது மாடியில் ஒரு கொசுவலையைக் கட்டுங்கள், அடியிலும் வலை இருக்கிற மாதிரி, பெட்டியாக. மழை மேலே நுழைகிறது, கீழே வெளியேறுகிறது. நுழைந்ததும் போனதும் சமம், கூட்டினால் பூஜ்யம். ஆனால் வலை நனைந்துதான் இருக்கும். (ஈரத்தில் தங்கிய துளியைக் கணக்கில் சேர்க்கலையே என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. உவமைக்கு அவ்வளவுதான் தாங்கும்.)

காஸ் விதி சொல்வது இதுதான்: மூடிய பரப்பின் மொத்த மின்பாயம் உள்ளே இருக்கும் நிகர மின்னூட்டத்தை மட்டும் பொறுத்தது. பரப்பு உருண்டையா, சப்பையா, உள்ளே மின்னூட்டம் நடுவிலா, மூலையிலா, எதுவும் பொருட்டில்லை. ஏன் இப்படி என்பதற்குக் காரணம் ஒரு வரியில் அடங்கும். மின்னூட்டத்திலிருந்து விலக விலக, புலம் தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது. அதைச் சுற்றி வரையும் கோளத்தின் பரப்பு அதே தொலைவின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. ஒன்று தேய, ஒன்று வளர, பெருக்கினால் மாறாத ஒரே எண். அந்த அடுக்கு 2 ஆக இல்லாமல் 2.01 ஆக இருந்திருந்தாலும் இந்த விதி கிடையாது.

அது சரியாக 2தானா என்று சோதித்தவர்களில் ஹென்றி கேவண்டிஷைச் சொல்லியாக வேண்டும். 1773இல், கூலும் தன் முடிவை வெளியிடுவதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பு, ஒரு உலோகப் பூச்சுள்ள கோளத்தை இரண்டு அரைக்கோளங்களுக்குள் மூடி, இரண்டையும் கம்பியால் இணைத்து மின்னேற்றினார். பிறகு இணைப்பை எடுத்து, அரைக்கோளங்களைத் திறந்து, உள்கோளத்தில் எவ்வளவு மின்னூட்டம் இருக்கிறது என்று பார்த்தார். ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததிலிருந்து, அடுக்கு 2இலிருந்து ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் விலகாது என்று கணக்கிட்டார். கணக்கிட்டு அப்படியே காகிதத்தில் வைத்துவிட்டார், வெளியிடவில்லை. நூறு வருடம் கழித்து மாக்ஸ்வெல் அந்தக் காகிதங்களைப் பதிப்பித்தார், 1879இல். ஆக, பூஜ்யம் சில நேரம் நிறையப் பேசும். எல்லாத் திசையிலிருந்தும் வரும் இழுப்புகள் துல்லியமாக ஒன்றையொன்று அடித்துக்கொண்டால்தான் அந்தப் பூஜ்யம் கிடைக்கும்.

பெரியப்பாவைப் பற்றி இப்போது சொல்கிறேன். அவர் போய் மூன்று வருடம் ஆகப்போகிறது. எங்கள் தெருவில் பதினோரு பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியவர். பத்திரம், வட்டி எதுவும் கேட்காமல் கட்டியவர். வீட்டில் பெரியம்மாவிடம் வாரக்கணக்கில் பேச மாட்டார். சாம்பாரில் உப்பு கூடினால் தட்டு சுவரில் போய் விழும். அம்மா வீட்டுக்குப் போக பஸ் காசை அவரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும், கேட்ட அன்றே கிடைக்காது. முப்பது வருஷத்துக்கு மேல் இப்படி. சாவு வீட்டில், பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஆளாளுக்குச் சொன்னார்கள்: "கோவம் வரும், வாஸ்தவம்தான். ஆனா மொத்தத்துல நல்ல மனுஷன்ப்பா."

அப்படிச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. கட்டணம் கட்டப்பட்ட ஒருவர், இப்போது ஒரு மருந்துக் கடை வைத்திருப்பவர், தேம்பித் தேம்பி அழுதார். அந்தக் கண்ணீரில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர்கள் போட்ட கூட்டலிலும் தப்பு இருக்காது. பதினோரு குடும்பம் ஒரு பக்கம், ஒரு பெண் ஒரு பக்கம். கூட்டினால் நேர்க்குறிதான் வரும். என் சந்தேகம் வேறு. இந்த மொத்தம் யாருடையது?

பலூனுக்கே வருகிறேன். பரப்பின் ஒரு புள்ளியில் புலம் உள்நோக்கி, இன்னொரு புள்ளியில் வெளிநோக்கி. கூட்டினால் பூஜ்யம். ஆனால் அந்தக் கூட்டுத்தொகை நிகழும் புள்ளி என்று பரப்பில் எங்கேயாவது இருக்கிறதா? இல்லை. ஒவ்வொரு புள்ளியும் தன் புலத்தை மட்டும்தான் அறியும். கூட்டுத்தொகை கூட்டுகிறவருடைய நோட்டில் இருக்கிறது. நான் இன்று பல்லைப் பிடுங்கிக்கொண்டு நாளை நிம்மதியாகத் தூங்கலாம் என்று முடிவெடுத்தால் அது நியாயமான கூட்டல். வலியும் என்னுடையது, தூக்கமும் என்னுடையது. மருந்துக் கடைக்காரரின் படிப்பையும் பெரியம்மாவின் பஸ் காசையும் கூட்டும்போது இரண்டையும் வாங்கிக்கொள்கிற ஆள் ஒருவர்கூட இல்லை. ஜான் ரால்ஸ் 1971இல் வந்த தன் நீதிக் கோட்பாட்டு நூலில் பயன்வாதத்தின்மேல் வைத்த குறை ஏறக்குறைய இதுதான்: ஆளுக்கு ஆள் வேறு என்பதை அது பொருட்படுத்துவதில்லை.

தூரமும் ஒரு வேலை செய்கிறது. சம அளவுள்ள நேர், எதிர் மின்னூட்டங்களைச் சின்ன இடைவெளியில் வைத்தால் அது மின் இருமுனை. தனி மின்னூட்டத்திலிருந்து பத்து மடங்கு விலகினால் புலம் நூறில் ஒன்றாகும். இருமுனையிலிருந்து, அதன் அளவைவிட நன்றாகத் தள்ளி நின்று, அதே பத்து மடங்கு விலகினால் ஆயிரத்தில் ஒன்று. நேரும் எதிரும் அருகருகே உள்ள ஒன்று, தள்ளி நிற்பவருக்குச் சீக்கிரமே ஒன்றுமில்லாததாகிவிடுகிறது. பந்தலில் இருந்தவர்களில் பாதிப்பேர் எங்கள் வாசப்படியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை.

அந்த வாசப்படியை நினைத்தால் எனக்கு ஃபாரடேயின் வாளி ஞாபகம் வரும். 1843இல், ஐஸ் வைக்கிற ஒரு உலோக வாளியை எடுத்து, வெளிப்புறத்தை மின்காட்டியோடு இணைத்து, மின்னூட்டிய ஒரு பந்தைப் பட்டுநூலில் கட்டி உள்ளே இறக்கினார். தகடு விரிந்தது. போதுமான ஆழத்துக்குப் போனபின் பந்தை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று நகர்த்தினாலும் விரிவு மாறவில்லை. பந்து வாளியின் அடியைத் தொட்டபோதும் மாறவில்லை. உள்ளே எவ்வளவு என்று வெளியே தெரிகிறது, எங்கே என்று தெரியவே தெரியாது. இதே வாளியை நன்றாக மூடி, உள்ளே ஓர் இருமுனையை வைத்தால் வெளியே மொத்தம் மட்டுமல்ல, புலமே பூஜ்யம். "அந்த வீட்ல ஒரு சத்தம் வராதுங்க" என்று எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்வார்கள். பாராட்டாகத்தான்.

காஸ் விதியை வைத்து ஒரு புள்ளியில் புலம் எவ்வளவு என்று கண்டுபிடிக்கவே முடியாதா? முடியும், புத்தகத்தில் அதற்கான கணக்குகள் இருக்கின்றன: முடிவிலா நீளக் கம்பி, முடிவிலாத் தகடு, கோளம். ஏன் திரும்பத் திரும்ப இந்த மூன்றே வருகின்றன என்று பிள்ளைகள் கேட்பதில்லை, மார்க் வந்தால் போதும். சமச்சீர் இருந்தால்தான், அதாவது பரப்பின் எல்லாப் புள்ளியும் ஒரே மாதிரி என்று முன்கூட்டியே தெரிந்தால்தான், மொத்தத்தைப் பரப்பால் வகுத்து ஒரு புள்ளிக்கு இறங்க முடியும். சமச்சீர் விதி கொடுப்பதல்ல, நாம் கொண்டுபோவது. பெரியப்பா விஷயத்தில் பந்தல் செய்தது அதைத்தான். ஊருக்கு நல்லவர், அப்போ வீட்டுக்கும் அப்படித்தான் இருந்திருப்பார் என்று அவரைக் கோளமாக்கிவிட்டது. "அந்த ஊர்க்காரங்களே அப்படித்தான்" என்கிற பேச்சும் இதே வகுத்தல்தான், குறி மட்டும் வேறு.

மொத்தமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆயிரம் பேருக்கு ஒரு பாலம் எங்கே கட்டுவது, தடுப்பூசியை யாருக்கு முதலில் போடுவது என்று முடிவெடுக்கிறவர் கூட்டித்தான் ஆக வேண்டும். கூட்டாமல் இருப்பது அங்கே பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. ஆனால் இறந்த ஒரு மனுஷரைப் பற்றி யாரும் எதையும் முடிவெடுக்க வேண்டியதில்லை. அங்கே மொத்தம் போடுவது ஒரே ஒரு காரியத்தைத்தான் செய்கிறது. கணக்கை மூடிவிடுகிறது. மூடியபின் பெரியம்மா வாயைத் திறந்தால் அது நன்றிகெட்ட பேச்சாகிவிடும்.

அவர் திறக்கவும் இல்லை. பதினாறாம் நாள் ஒரு சொந்தக்காரம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "மகராசன்க்கா, எவ்வளவு நல்லது பண்ணிட்டுப் போயிருக்காரு" என்றபோது பெரியம்மா தலையாட்டினார். "ஆமா. நெறைய பேருக்குப் பண்ணாரு" என்றார். அவர் மொத்தம் சொல்லவில்லை. எங்கே என்று சொன்னார். எனக்குத் தெரிந்து அன்றைக்கு அங்கே அதைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

மருந்துக் கடைக்காரர் மூன்றாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு நோட்டீஸ் அடிக்கிறார், நாலு வரி எழுதிக் கொடு என்று கேட்டிருக்கிறார். பதினோரு பேருடைய பெயர், யார் எந்தப் படிப்பு, எந்த வருஷம் என்று வரிசையாக எழுதிவிட்டேன். அவர் கொடுத்தது எங்கே போய்ச் சேர்ந்ததோ அந்த இடங்கள். 'மாமனிதர்' என்ற சொல்லை அவரே மேலே சேர்த்து அனுப்பியிருந்தார், அதை எடுத்துவிட்டுத் திருப்பி அனுப்பினேன். பெரியம்மா பெயரில் ஒரு வரி போட வேண்டும் என்கிறார் கடைக்காரர், 'அன்பு மனைவி' என்று வழக்கமாகப் போடுவார்களே, அது. பெரியம்மாவிடம் கேட்டேன். யோசித்துச் சொல்றேன் என்றார். நோட்டீஸ் வெள்ளிக்கிழமை பிரஸ்ஸுக்குப் போகணும். இன்னும் அவர் சொல்லவில்லை, நானும் மறுபடி கேட்கவில்லை.