கருவும் ஒளியும்

இருளைப் பழித்தும் ஒளியைப் போற்றியும் பேசுவது நம் வழக்கம். அறியாமையை இருளென்கிறோம், அறிவை விளக்கென்கிறோம். ஆயினும், நாம் ஒவ்வொருவரும் உயிரின் முதல் நாட்களை இருளிலேயே கழித்தோம். தாயின் கருக்குழாயில் வெளியொளி படுவதில்லை. அவ்விருள் அங்குக் குறையன்று, காப்பேயாம்.

இந்நியதி 1978ஆம் ஆண்டில் மாறியது. ஜூலை 25ஆம் நாள் இங்கிலாந்தில் உலகின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. அக்டோபர் 3ஆம் நாள் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயரின் முயற்சியால் துர்கா பிறந்தாள். இன்று நம் பெங்களூரில் இத்தகைய சிகிச்சை நிலையங்கள் பல உள. அங்கே கருவானது சில நாட்கள் உடலுக்கு வெளியே, ஒரு சிறு தட்டில் வளர்கிறது. அதனைக் காண விளக்கு வேண்டும். அவ்விளக்கே அதற்குத் தீங்காகுமோ என்பதுதான் கேள்வி.

2007ஆம் ஆண்டில் யானகிமாச்சி முதலிய அறிஞர்கள் எலி, ஹாம்ஸ்டர் ஆகியவற்றின் கருக்களை ஆராய்ந்தனர். நீலச் சாயல் மிகுந்த வெண்குழல் விளக்கு, மஞ்சள் சாயலுள்ள விளக்கைவிட அதிகக் கேடு செய்தது. நேர் வெயிலோ ஒரு நிமிடத்திலேயே பெருந்தீங்கு விளைத்தது. ஒளி பட்ட உயிரணுக்களில் பிராணவாயு கடுமையான வடிவங்களாக மாறி அவற்றை அரிக்கிறது. அதே ஆண்டில் வெளிவந்த டென்மார்க்கு ஆய்வொன்று, சிகிச்சையின்போது கரு பெறும் ஒளியில் நூற்றுக்கு 95 பங்கு மைக்ராஸ்கோப்பு விளக்கிலிருந்தே வருகிறதென்று கணித்தது.

நல்லதென்று நாம் கொண்டது கருவுக்கும் நல்லதாகவே இருக்குமென்பது உறுதியன்று. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் கரு வளர்ச்சியைப் பல்லாண்டு ஆய்ந்த பேராசிரியர் சேஷகிரி, அதற்கு முன்னர் அமெரிக்காவில் பாவிஸ்டரோடு செய்து 1989இல் வெளியிட்ட ஆய்வில், குளுக்கோஸ் என்னும் சர்க்கரையே எட்டு உயிரணு நிலையிலுள்ள ஹாம்ஸ்டர் கருவின் வளர்ச்சியைத் தடுப்பதைக் காட்டினார். நமக்கு உணவாவது அதற்குத் தடையாகிறது. நமக்கு வழிகாட்டுவது அதற்குச் சுமையாகிறது.

மனிதக் கருவில் ஒளியால் வரும் கேடு இவ்வளவென்று முடிவு கூறும் சான்று இதுகாறும் இல்லை. இம்முறையால் எண்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்துள்ளனர். ஆதலின் பெற்றோர் அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால், தீங்கு மெய்ப்பிக்கப்படும்வரை கவலையற்றிருப்பது அறமாகுமோ?

கருவை நோக்குபவர் நல்லெண்ணத்தோடே நோக்குகிறார். எண்ணமே வினைக்கு வித்தாதலின் அவரைக் குற்றவாளி என்னல் தகாது. எனினும் அறியாது செய்தல் வேறு. அறிந்த பின்னும் அசட்டையாயிருத்தல் வேறு. ஒளியை அறவே நீக்கவும் இயலாது. காணாத கை தவறும். விளக்கைத் தணித்தல், நீல ஒளியை வடிகட்டுதல், பார்க்கும் நேரத்தைக் குறைத்தல், பார்த்து முடிந்ததும் அணைத்தல் ஆகிய இவை பெருஞ்செலவில்லாதவை. இவ்வளவு எளிய காப்பையும் செய்யாதிருப்பதற்குச் சான்றின்மை ஒரு சாக்காகாது.

இன்னொன்றும் உண்டு. சிகிச்சை பலிக்காத வீட்டில் பழி பெரும்பாலும் பெண்மீதே விழுகிறது. அவளுடைய வயிறே குற்றவாளியாக்கப்படுகிறது. விளக்கும், வெப்பமும், காற்றும், தட்டிலுள்ள நீரும், இருவர் உடலின் இயல்பும் எனக் காரணங்கள் பல கூடியே ஒரு கரு வளர்கிறது அல்லது வாடுகிறது. இதனை உணர்ந்தவர் ஒருத்தியைச் சுட்டிப் பழி கூறார். பலிக்கும் வாய்ப்பையும் விளைவுகளையும் தம்பதியர்க்கு எடுத்துரைக்க வேண்டுமென்று 2021ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் நிலையங்களைப் பணிக்கிறது. அவ்வுரையில் இவ்வுண்மையும் இடம்பெறுமாயின், எத்தனையோ பெண்களின் கண்ணீர் குறையும்.

அறிவு ஒளியே, ஐயமில்லை. ஆயினும் எங்கே விளக்கேற்ற வேண்டும், எங்கே அதனைத் தணிக்க வேண்டும் என்று அறிவதும் அறிவின் பகுதியே. தன் குறையைச் சொல்ல வாயில்லாத உயிரின்முன் விளக்கைத் தணிக்கும் கையில் நாம் கருணையைக் காண்கிறோம்.