மீனும் தூண்டிலும்

சூது கூடாது என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு இல்லை. எது சூது என்பதில்தான் ஐயம் எழுகிறது. அண்மையில் அப்படியோர் ஐயம் ஓர் உறைக்குள் அடங்கி என் கைக்கு வந்து சேர்ந்தது.

அமெரிக்காவில், லாஸ் வேகாஸ் நகரில் பணியாற்றும் என் சகோதரியின் மகன் விடுமுறையில் ஊர் வந்திருந்தான். எங்கள் ஊர் எத்தீம்கானாவின் வரவு செலவை நான் கவனித்து வருகிறேன். "பிள்ளைகள் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் மாமா" என்று ஓர் உறையை நீட்டினான். அதில் 340 டாலர் இருந்தது. சம்பளத்தில் மிச்சம் பிடித்ததா என்று கேட்டேன். அவன் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. வீட்டுக்கு அருகிலுள்ள காசினோவில் ஒரு சனிக்கிழமை மாலை போக்கர் ஆடி வென்ற பணம் என்றான். என் முகம் மாறியதைக் கண்டு, "இது சூதல்ல மாமா, திறமை" என்றும் சொன்னான்.

கடிந்துரைத்து அனுப்பிவிட ஒரு நிமிடம் போதும். ஆனால், கேட்காமல் தீர்ப்புச் சொல்வது நீதியாகாது. ஆகவே, அந்த மாலைப் பொழுதை முழுவதும் சொல்லச் சொன்னேன்.

நெவாடா மாநிலத்தில் சூதாட்டம் 1931ஆம் ஆண்டிலேயே சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. அங்குள்ள காசினோக்களில் சுழல் சக்கரமும் காசு விழுங்கும் இயந்திரங்களும் உண்டு. அவற்றில் ஆடுபவர் விடுதியை எதிர்த்து ஆடுகிறார். போக்கர் அப்படியன்று. நீள்வட்ட மேசையைச் சுற்றி ஒன்பது பேர் அமர்கின்றனர். விடுதியின் ஊழியர் சீட்டைக் கலைத்துப் போடுவாரேயன்றித் தாம் ஆடுவதில்லை. ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக வரும். பிறகு நடுவில் மூன்று, அடுத்து ஒன்று, மீண்டும் ஒன்று என ஐந்து சீட்டுகள் எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கப்படும். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயத்தைக் கூட்டலாம், ஈடு கொடுக்கலாம், சீட்டைக் கவிழ்த்து விலகியும் விடலாம். என் மருமகன் 200 டாலருக்குப் பண வில்லைகள் வாங்கி அமர்ந்திருக்கிறான்.

"இரண்டு ஆஸ் ஒருசேரக் கைக்கு வருவது சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒரு முறைதான் மாமா. நல்ல சீட்டு வரும் வரை பொறுத்திருப்பதே பாதித் திறமை. மீதிப் பாதி, எதிரே இருப்பவரைப் படிப்பது" என்றான்.

அவன் கூற்றை நான் மறுக்கவில்லை. திறமையா, அதிர்ஷ்டமா என்ற இதே கேள்வியை நம் நீதிமன்றங்களும் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளன. ரம்மி ஆட்டம் பெரிதும் திறமை சார்ந்தது என 1967ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமோ, இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை அந்த வேறுபாடு பாராமலே தடை செய்தது. சட்டத்தின் வழக்கு எப்படியும் போகட்டும். போக்கர் திறமைதான் என்று முழுமையாக ஒப்புக்கொண்டே பார்ப்போம். அதனால் அது குற்றத்திலிருந்து விடுபடுமா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒன்பது பேர் தலைக்கு 200 டாலர் கொண்டுவந்தால் மேசையில் 1,800 டாலர். ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேரும் பணத்திலிருந்து விடுதி தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. மணிக்கு 30 ஆட்டம், ஆட்டத்துக்கு 4 டாலர் என்று வைத்துக்கொண்டால், ஐந்து மணி நேரத்தில் 600 டாலர் விடுதிக்குப் போய்விடும். எஞ்சிய 1,200 டாலர் ஒன்பது பேரிடையே இடம் மாறிக் கிடக்கும். ஐந்து மணி நேர உழைப்பில் ஒரு பிடி நெல் விளையவில்லை. ஒரு முழம் துணி நெய்யப்படவில்லை. ஒருவர் பையில் ஏறிய ஒவ்வொரு காசும் மற்றொருவர் பையிலிருந்து இறங்கியது.

அதிர்ஷ்டம் மட்டுமே ஆளும் ஆட்டத்தில் தோற்றவர் தம் விதியை நொந்துகொள்ளலாம். திறமை ஆளும் ஆட்டத்திலோ, வல்லவர் மெலியவரிடமிருந்து எடுக்கிறார். எனவே, திறமை என்ற வாதம் குற்றத்தைக் குறைக்கவில்லை, கூட்டுகிறது. அந்த மேசைகளில் அனுபவமற்ற ஆட்டக்காரரை என்ன பெயரிட்டு அழைப்பார்கள் தெரியுமா? ‘மீன்’ என்பார்களாம். இதைக் கேட்டதும் எனக்குத் திருவள்ளுவர் நினைவுக்கு வந்தார். சூதிலே கிடைக்கும் வெற்றியை, இரையென்று எண்ணி மீன் விழுங்கும் தூண்டில் முள்ளுக்கு அவர் ஒப்பிட்டார். சூதாடுபவரே மீன் என்றார் வள்ளுவர். தாம் தூண்டிலைப் பிடித்திருப்பதாக எண்ணுகிறார் இன்றைய ஆட்டக்காரர். அவர் அறியாதது, தொண்டையில் தைத்த முள்ளோடுதான் அவரும் கரையில் அமர்ந்திருக்கிறார் என்பது.

"அவர் விரும்பித்தானே ஆடினார்? நான் வற்புறுத்தவில்லையே" என்றான் மருமகன். வணிகமும் இருவர் இசைவால்தான் நடக்கிறது. ஆனால், கடைக்கு வருபவர் பொருள் வேண்டிப் பணம் தருகிறார். கடைக்காரர் பணம் வேண்டிப் பொருள் தருகிறார். நேர்மையான விற்பனையில் இருவரும் மனநிறைவோடு பிரிகின்றனர். போக்கர் மேசையில் அமரும் ஒருவர் வெல்வதற்கு இசைந்து அமர்கிறாரேயன்றி, இழப்பதற்கு இசைந்து அன்று. மற்றவர் ஏமாறுவார் என்ற நம்பிக்கையே அங்கே ஒவ்வொருவரின் இசைவும்.

"யாரிடமிருந்து வென்றாய்?" என்று கேட்டேன். பெரும்பகுதி இடப்பக்கம் இருந்த ஒரு முதியவரிடமிருந்து என்றான். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், கலகலப்பாகப் பேசுபவர், பேரப்பிள்ளைகளின் படங்களை இவனுக்குக் காட்டியவர். நல்ல சீட்டு வந்தால் அவர் கை இலேசாக நடுங்குமாம். அதைக் கண்டுகொண்டவன், கை நடுங்கும்போதெல்லாம் விலகினான். நடுங்காதபோதெல்லாம் பந்தயத்தைக் கூட்டினான்.

திருக்குர்ஆனின் 4ஆம் அத்தியாயம் 36ஆம் வசனத்தில், நாம் நன்மை செய்ய வேண்டியவர்களின் வரிசையில் பெற்றோர், உறவினர், அநாதைகள், அண்டை வீட்டார் ஆகியோருடன் நம் பக்கத்தில் இருக்கும் தோழரும் இடம் பெறுகிறார். ஒரு மாலைப் பொழுது நம்மருகே அமர்பவருக்கும் நம்மீது உரிமை உண்டு. ஒரு முதியவரின் கை நடுங்கினால், "உடம்புக்கு என்ன?" என்று கேட்பதே அந்த உரிமை. பெற்ற பிள்ளையும் கவனிக்காத அளவு கூர்மையாக என் மருமகன் அவரைக் கவனித்தான். கவனித்தது பறிப்பதற்காக.

"அதனால்தானே மாமா அநாதைகளுக்குக் கொடுக்கிறேன்?" என்றான், குரல் தாழ்ந்து.

அறியாமைக் கால அரபிகளும் இதையே செய்தார்கள். மைஸிர் என்ற அவர்களின் சூதில் ஓர் ஒட்டகத்தை அறுத்துப் பங்கிடுவர். பத்து அம்புகளை ஒரு பையிலிட்டுக் குலுக்கி எடுப்பர். ஏழு அம்புகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை பங்கு உண்டு. மூன்று வெற்று அம்புகள். வெற்று அம்பு வந்தவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கொடுக்க, வென்றவர்கள் இறைச்சியை ஏழைகளுக்கு வழங்கி அதைப் பெருமையாகப் பேசுவர். ஆட மறுத்தவரைக் கஞ்சர் என்று ஏசவும் செய்தனர். வறியவரின் பசி தீர்த்த அந்தச் சூதைத்தான் இறைவன் மதுவுடன் சேர்த்து விலக்கினான். அதில் சில பயன் இருப்பதை மறுக்காமலே, தீமையே பெரிது என்று உணர்த்தினான். ஈகை, சூதைத் தூய்மையாக்குவதில்லை.

இதை எழுதும்போது என் விரலும் என்னையே சுட்டுகிறது. காசினோவின் வாசலை மிதியாத நாம், வாங்குபவரின் அறியாமையைப் படித்து நிலத்துக்கு விலை சொன்னதில்லையா? பணமுடையில் நகையை விற்க வருபவரின் கை நடுக்கத்தைக் கண்டு விலையைக் குறைத்ததில்லையா? சீட்டுக்கட்டு இல்லாத மேசைகளிலும் மைஸிரின் சாயல் உண்டு.

அந்த உறையை நன்கொடையாக ஏற்க இயலாது என்றேன். முறையற்று வந்த பொருளை உரியவரிடம் சேர்க்க வேண்டும். உரியவரை அறிய வழியே இல்லாதபோது, நன்மையை எதிர்பாராமல் வறியவர்க்கோ பொதுப்பணிக்கோ கொடுத்துக் கைகழுவ வேண்டும் என்பது மார்க்க அறிஞர் பலரின் கருத்து. அப்போதும் அது தருமமன்று. இறக்கி வைக்கும் சுமை.

"அந்தப் பெரியவர் பெயர் என்ன?" என்று கேட்டேன்.

நெடுநேரம் உறையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சொன்னான்: "தெரியாது மாமா. கை நடுங்குவது மட்டும்தான் தெரியும். சனிக்கிழமைதோறும் வருவார், போய்க் கேட்கிறேன்."