மறைப்பது எதுவரை?

2025 ஜூனில் கொக்கைன் வழக்கில் நடிகர்கள் இருவர் சென்னையில் கைதானபோது, விருதுநகரில் இருக்கும் நமக்கென்ன என்றிருந்தோம். நம் பிள்ளைகளும் வெளியூரில்தானே படிக்கிறார்கள்!

பிறர் குறையை மறைப்பது மார்க்கம் போற்றும் பண்பு. அதைச் சொல்லியே மகனின் போதையையும் மூடிவைக்கிறோம். ஆனால் நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளப் பணித்தவர்களும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களல்லவா? பட்டாசு அறையில் புகை கண்டவன், முதலாளியின் பெயர் கெடுமே என்று கதவைச் சாத்துவதில்லை.

கொக்கைன் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். வாலிபனுக்கும் மாரடைப்பு வரக்கூடும். மதுவும் சேர்ந்தால் ஈரலில் இன்னொரு நஞ்சு உண்டாகி இதயத்தை மேலும் வாட்டும். நெஞ்சுவலியென்று தூக்கிக்கொண்டு ஓடுகையில் டாக்டரிடம் உண்மையை மறைத்தால், மருந்தே தவறிப்போகலாம். இப்பழக்கத்தை நிறுத்தவென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்னும் இல்லை. மாதக்கணக்கில் மனநல ஆலோசனை வேண்டும். அடித்துப் பூட்டிவைப்பது சிகிச்சையாகாது. நிக்காஹ் செய்துவைத்தால் திருந்துவான் என்பதோ, பிறர் பெண்ணுக்கு நாம் இழைக்கும் துரோகம்.

போலீஸ் பயமா? சிறிதளவு வைத்திருந்து வழக்கில் சிக்கியவரும், தாமாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகாரம் பெற்ற நிலையத்திலோ சிகிச்சை பெற்றால், 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு வழக்கிலிருந்து விலக்களிக்கிறது. முதலில் பேசிப்பார்க்க 14446 என்ற இலவசத் தொலைபேசி உண்டு. ஜமாஅத்தில் எவருக்கும் தெரிய வேண்டியதில்லை.