முன்வாசல்

புதுச்சேரியில் கால்வாய்க்கு மேற்கே, தமிழர் பகுதியில், ஒரு பழைய வீடு துணிக்கடையாகியிருக்கிறது. ஆயாவுக்குப் புடவை எடுக்க அங்கே போனோம். தெருவோரம் மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம், அதையொட்டித் திண்ணை, உள்ளே முற்றம். கீழே தமிழ்க்கட்டு, மாடியில் பிரெஞ்சுப் பாணியில் வளைவு ஜன்னல்கள். இப்போது முற்றத்துக்கு மேல் கண்ணாடிக் கூரை. சமையல்கட்டு, உடை போட்டுப் பார்க்கும் அறை.

எனக்கு வருத்தமாக இருந்தது. 1761இல் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிய பிறகு மறுபடியும் கட்டி எழுந்த ஊர் இது. வைசியாள் வீதியின் வீட்டு முகப்புகளை மீட்டெடுத்ததற்கு 2008இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. முகப்பு சரி, உள்ளே இருந்த வாழ்க்கை? எங்கள் மென்பொருள் வேலையில் வெளித்தோற்றத்தைத் தொடாமல் உள்ளே இருக்கும் நிரலை மொத்தமாக மாற்றுவோம். வீட்டையும் அப்படிச் செய்யலாமா? மனதுக்குள் கட்டுரை எழுத ஆரம்பித்துவிட்டேன்.

ஆயா முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். "உள்ள இப்படித்தான் இருக்குமா?" என்றார்.

இளவயதில் இதுமாதிரி வீடுகளுக்கு நெல் குத்த வந்தவர். கொல்லை வாசலோடு சரி. முன்வாசல் திண்ணையில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. வழிப்போக்கருக்கு நிழல் தந்த திண்ணை என்று எழுதுகிறோம். எந்த வழிப்போக்கருக்கு என்று எழுதுவதில்லை. திண்ணை, நடை, கூடம், பின்கட்டு என்று பிரித்தபோதே, யார் எதுவரை வரலாம் என்பதையும் சேர்த்துத்தான் கட்டினார்கள். நான் இழந்துவிட்டதாக வருந்திய வீட்டுக்குள் எங்கள் குடும்பம் நுழைந்ததே கிடையாது. அது யாருடைய ஞாபகத்தையோ இரவல் வாங்கிய வருத்தம்.

அதற்காகக் கடையைக் கொண்டாடவும் முடியவில்லை. ஆயா விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வேணாம்ப்பா, போலாம் வா" என்றார். வீடு சாதி பார்த்து நிறுத்தியது. கடை யாரையும் நிறுத்தவில்லை. வாங்காதவருக்கு அங்கே வேலையில்லை, அவ்வளவுதான். அவருக்குக் கால் வலித்தது. உட்கார இடமில்லை. திண்ணையில் புடவை கட்டிய பொம்மைகள் நின்றன.

இந்த வீட்டில் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்டால், திண்ணையை என்பேன். இருந்த திண்ணையை அல்ல. யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்ற திண்ணை அங்கே ஒருபோதும் இருந்ததில்லை. அதை இனிமேல்தான் கட்ட வேண்டும். கல்லும் மரமும் தயாராக இருக்கின்றன.

கடைப் பெண்ணிடம் கேட்டேன். "உக்காருங்க பாட்டி" என்று ஒரு பொம்மையை நகர்த்தி வைத்தார்.

ஆயா தெருவை ஒருமுறை இருபுறமும் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.