வெற்றி தோல்வியும் இருவினையொப்பும்

வெற்றியையும் தோல்வியையும் ஒப்ப நோக்குவானொருவன் வெல்லுதற்கு முயல்வானோ? முயலானாயின் அவனது ஒப்புமை சோம்பலேயாம். முயல்வானாயின் விருப்பு உளதாம். ஆகலின் இருவினையொப்பு யாங்ஙனம் கூடும் என வினவுவார் உளர். இவ்வையப்பாட்டினைச் சதுரங்க ஆட்டமொன்றன் வாயிலாக ஆராய்வாம்.

1972-ஆம் ஆண்டில், ஐஸ்லாந்து நாட்டு ரெய்க்யவிக் நகரில், உலக முதன்மைப் பட்டம் உடையராயிருந்த சோவியத் நாட்டுப் போரிஸ் ஸ்பாஸ்கியை அமெரிக்க நாட்டுப் பாபி பிஷர் எதிர்த்தார். ஐந்து ஆட்டங்களின் முடிவில் இருவரும் இரண்டரைப் புள்ளி பெற்றுச் சமமாய் நின்றனர். ஆறாம் ஆட்டம் சூலை 23-ஆம் நாள் நிகழ்ந்தது. அரசன் முன்னுள்ள காலாளையே பெரும்பாலும் முதற்கண் நகர்த்தும் வழக்கினரான பிஷர், அன்று அதனை விடுத்து, அரசிப் பக்கத்துக் காலாளொன்றைப் பலியாக நீட்டும் பழைய தொடக்க முறையை மேற்கொண்டார். ஸ்பாஸ்கி அப்பலியை ஏலாது, தாம் நன்கு பயின்ற காப்பு முறையில் நின்று தடுத்தார். ஆயினும் பிஷரின் காய்கள் ஒன்றற்கொன்று துணையாய் முன்னேறி அரசனை நெருங்கின. பிஷரின் 41-ஆம் நகர்த்தலின் பின் ஸ்பாஸ்கி தோல்வியை ஒப்புக்கொண்டார். அவையோர் கைகொட்டினர், தோற்ற ஸ்பாஸ்கியும் அவர்களோடு கைகொட்டினார்.

அவர் முயலாது தோற்றாரல்லர். இறுதிவரை பொருதே தோற்றார். 'தோற்றவன் யான்' என்னும் எண்ணமே அப்பொழுது மேலோங்கியிருப்பின், எதிரியின் ஆட்டத்திலிருந்த செம்மை அவர்க்குப் புலனாகியிராது. உள்ள பொருளை உள்ளவாறு காணவொட்டாது மறைத்தலே ஆணவத்தின் தொழிலன்றோ?

இருவினையொப்பாவது நல்வினை தீவினைகள் எண்ணளவிற் சமனாதலன்று. அவற்றின் பயன்களில் உயிரின் விருப்பு வெறுப்புக்கள் ஒழிந்து ஒப்ப நிற்றலாம். எனவே ஒழிய வேண்டுவது முயற்சியன்று, பயனைப் பற்றிய பற்றேயென்க.

இனி, ஒரு பொழுது கைகொட்டியதே இருவினையொப்பு ஆமோவெனின், ஆகாது. 'தோற்றும் பெருந்தன்மை காட்டினேன்' என்னும் நினைவு எழுமாயின் அதுவும் செருக்கே. எல்லா நுகர்ச்சியினும் என்றும் ஒத்து நிற்றல், மலபரிபாகம் எய்தித் திருவருள் பதியும் நிலைக்கு உரியது. ஆயினும் அந்நிலை இன்னதென ஒருவாறு உணர்தற்கு இந்நிகழ்ச்சி துணையாம்.

ஆதலின் அன்பர்கள், சரியை கிரியையாதி தொண்டுகளைத் தளராது ஆற்றுக. பயனை இறைவன்பால் வைத்துவிடுக. பிறர் தம்மினும் சிறக்க ஆற்றுமிடத்து, 'யான் பின்னிட்டேன்' என்று வாடாது, அச்சிறப்பிற்கு மகிழ்க. அவ்வாறு மகிழும் நெஞ்சில் ஆணவத்தின் வலி மெலியும்.

திருச்சிற்றம்பலம்.